பிரித்த பின் சோதிப்பதா?

“அறிமுகமற்றவர் அனுப்பும் கோப்பைத் திறவாதீர்” என்று வங்கிகள் வாடிக்கையாளருக்கு ஓயாமல் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. நல்ல அறிவுரைதான். அதே அறிவுரையை வங்கிகளும் பணப்பரிமாற்ற நிறுவனங்களும் தம் கணினிகளுக்குச் சொல்லியிருக்கின்றனவா என்று வாடிக்கையாளர் எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கட்டிலை வேறு வீட்டுக்குக் கொண்டுசெல்வதானால் கழற்றிக் கட்டி வண்டியில் ஏற்றுகிறோம். போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் பூட்டுகிறோம். மென்பொருளும் இதையே செய்கிறது. நினைவகத்தில் உள்ள ஒரு கணக்கு விவரத்தை எழுத்துச் சரமாக்கி அனுப்புவதற்குச் ‘சீரியலைசேஷன்’ என்று பெயர். மறுமுனையில் அதை மீண்டும் உருவாக்குவது ‘டீசீரியலைசேஷன்’. ஜாவா மொழியில் இவ்வசதி 1997-இல் வந்தது. எந்த உறுப்பை எப்படிப் பூட்ட வேண்டும் என்பதை வந்த பொட்டலமே சொல்லும். கணினி அதன்படி நடக்கும். பொட்டலத்தை அனுப்பியவர் பகைவராயின், அவர் சொற்படி நடக்கும் கணினி அவருடைய ஏவலாளாகிவிடுகிறது.

வணிகவியல் படித்த எனக்கு இதில் வியப்பளித்தது வேலையின் வரிசைதான். சான்றுச்சீட்டைச் சரிபார்த்த பின்னரே பேரேட்டில் பதிவு என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. இங்கோ அது தலைகீழ். வந்தது கணக்கு விவரம்தானா என்று சோதிக்கும் வரி, பொட்டலம் முழுவதும் பிரித்துப் பூட்டப்பட்ட பின்னரே இயங்குகிறது. அதற்குள் கேடு நிகழ்ந்து முடிந்திருக்கும். காசோலையில் தேதி, பெயர், தொகை, கையொப்பம் என்று கட்டங்கள் உண்டு. காசாளர் அவற்றைப் படிக்கிறார். எந்தக் காசோலையும் அவரைப் பெட்டக அறைக்கு நடத்திச் சென்றதில்லை.

இத்தாக்குதலுக்குத் திருடன் ஆயுதம் கொண்டுவரவும் வேண்டியதில்லை. மென்பொருளுடன் சேர்ந்து வந்த பொது நூலகங்களில் கிடக்கும் கருவிகளையே ஒன்றோடொன்று கோத்துப் பயன்படுத்துகிறான். 2015 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த பாதுகாப்பு மாநாடு ஒன்றில், ‘காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ்’ என்னும் இலவச நூலகத்தைக் கொண்டே இதைச் செய்யலாம் என்று இரு ஆய்வாளர்கள் விளக்கினர். உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டு நவம்பரில், வெப்லாஜிக், வெப்ஸ்பியர் போன்ற வழங்கி மென்பொருள்களும் இதே வழியில் வீழும் என்று செய்முறையோடு வெளியான பின்னரே பரபரப்பு எழுந்தது. நிதி நிறுவனங்கள் பல சார்ந்திருப்பவை இவை.

அடுத்த சில வாரங்களில் பேபால் நிறுவனத்தின் வணிகர்களுக்கான தளத்திலும் இக்குறை கண்டறியப்பட்டது. படிவத்தின் பழைய விவரங்களை அத்தளம் ஒரு ஜாவா பொட்டலமாகப் பயனரின் உலாவிக்கு அனுப்பி, மீண்டும் அதைப் பெற்றுப் பிரித்துவந்தது. தான் அனுப்பியதுதானே திரும்பி வருகிறது என்ற நம்பிக்கை! இடையில் அது இருந்தது அயலார் கையில் அல்லவா? நல்லவேளையாக, கண்டறிந்த ஆய்வாளர் நிறுவனத்திடமே தெரிவித்தார், குறை களையப்பட்டது, அவருக்குச் சன்மானமும் கிடைத்தது.

“எங்கள் பொட்டலங்கள் உள்வலையமைப்பைத் தாண்டி வெளியே செல்வதில்லை” என்று மென்பொருள் தருவோர் சிலர் வாதிடுவதுண்டு. கிளைக்குள் நிற்பவர் அனைவரும் ஊழியர் என்று கொள்வதைப் போன்றது இது. பைத்தான் மொழியின் ஆவணமே, நம்பிக்கைக்குரிய தரவை மட்டும் ‘பிக்கிள்’ கொண்டு பிரிக்குமாறு எச்சரிக்கிறது. ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரெயின்ஹோல்ட், 1997-இல் சேர்த்த இந்த வசதி ஒரு பெரும் பிழை என்று 2018-இல் ஒப்புக்கொண்டார். மைக்ரோசாஃப்ட் தன் ‘பைனரிஃபார்மேட்டர்’ கருவியை 2024-இல் வெளியிட்ட டாட்நெட் 9 பதிப்பில் செயலிழக்கச் செய்துவிட்டது. உருவாக்கியோரே கைவிடுவதை நாம் ஏன் கட்டிக்காக்க வேண்டும்? கட்டங்கள் வரையறுக்கப்பட்ட எளிய வடிவில் தரவைப் பெறுவதும், பிரிக்கும் முன்பே மின்கையொப்பத்தைச் சோதிப்பதும், இன்னின்ன வகைதான் உள்ளே வரலாம் என்று பட்டியலிடுவதும் தெரிந்த வழிகளே. பழைய மென்பொருளை மாற்றப் பணமும் காலமும் ஆகும் என்பது உண்மை. அச்செலவு வங்கியுடையது, வாடிக்கையாளர் தலையில் இறங்கக் கூடாது.

சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, வங்கியின் குறைபாட்டால் நிகழும் அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனையில் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்றது. குறை இருவரிடமும் இன்றி வேறெங்கோ இருப்பின், தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பில்லை. தவறு வாடிக்கையாளருடையது என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியுடையதே. மென்பொருள் பணியை வெளியாரிடம் ஒப்படைப்பதால் வங்கியின் கடமை குறையாது என்பதை 2023-இன் நெறிமுறைகள் தெளிவாக்கின. ஆகவே பணம் மறைந்தால், “கடவுச்சொல்லை யாரிடம் சொன்னீர்கள்?” என்பது மட்டுமே முதற்கேள்வியாக இருக்கலாகாது.

வாடிக்கையாளரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பராமரிப்புக்காக நள்ளிரவில் சேவை நிற்கும்போது சினம் கொள்கிறோம். இத்தகைய ஓட்டைகள் அடைக்கப்படுவது பெரும்பாலும் அந்நேரங்களில்தான். “இன்று இரவு 1 மணி முதல் 4 மணி வரை சேவை இயங்காது” என்ற அறிவிப்போடு, “பாதுகாப்புத் திருத்தத்துக்காக” என்ற இரு சொற்களையும் வங்கிகள் சேர்த்து எழுதலாம்.