குறட்டை சிரிப்பதற்கா?

குறட்டை என்றதும் வகுப்பில் சிரிப்பலை எழும். ஆனால் சிலருக்கு அது மூச்சு அடைபடுவதன் அறிகுறி.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு மூச்சுப் பாதையே மூடிக்கொள்ளும். மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நிற்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். உடனே மூளை உடலை எழுப்பிவிடும். மணிக்கு 30 முறை இப்படி நேர்ந்தால் நோய் கடுமையானது. ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் எகிறுவதால், நாளடைவில் மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடுகிறது. பகலில் வண்டி ஓட்டும்போது கண் அயரும் ஆபத்தும் உண்டு.

தீர்வு இல்லாமல் இல்லை. 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் அறிமுகப்படுத்திய சிபேப் கருவி, முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கிறது.

சிக்கல் செலவில்தான். மலேசியாவில் பல மருத்துவக் காப்புறுதிகள் தூக்க, குறட்டைக் கோளாறுகளுக்கான பரிசோதனையையும் சிகிச்சையையும் விலக்குப் பட்டியலில் வைத்துள்ளன. பின்னாளில் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும் பணம் தருகின்றன. ஒழுகும் கூரையை விட்டுவிட்டுச் சுவர் இடிந்தபின் பழுதுபார்ப்பதா?

எல்லாருக்கும் கொடுத்தால் சந்தா உயரும் என்பார்கள். அமெரிக்காவின் மெடிகேர் திட்டம் முதலில் 12 வாரச் சோதனைக்குக் கருவி தருகிறது. பலன் தெரிந்தால்தான் தொடர்கிறது. இங்கும் அப்படித் தொடங்கலாமே.

மாணவர்களே, வீட்டில் யாராவது குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறினால் சிரிக்காதீர்கள். மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காப்புறுதிப் பத்திரத்தின் விலக்குப் பகுதியையும் பெற்றோருடன் படித்துப் பாருங்கள்.