காவலர் இல்லாத பெட்டி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

செண்பகத்தோப்புக்குப் போய்வந்த நண்பர்கள் அறிவார்கள், மலையடிவாரத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடி ஒன்று உண்டு. 1988-இல் சாம்பல் நிற மலை அணில்களுக்கெனச் சரணாலயமாகி, 2021-இல் புலிகள் காப்பகமாகவும் ஆன அந்தக் காட்டுக்குள் யாரை விடுவது என்பதைச் சாவடிக் காவலரே தீர்மானிக்கிறார். கடவுச்சொல் கேட்கும் இணையப் பக்கங்கள் யாவும் இப்படியே இயங்குகின்றன என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வங்கிப் பக்கம் அப்படித்தான். அங்கே சர்வர் என்னும் காவலர் உண்டு. சிலமுறை தவறினால் கணக்கையே முடக்கிவிடுவார். ஆனால், கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்களில் நம் தோழர்கள் காசில்லாமல் ஏற்றிவைக்கும் நிலையான பக்கங்களுக்குக் கடவுச்சொல் கேட்கும் காவலர் கிடையாது. கேட்டவர்க்கெல்லாம் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

பின் எப்படிப் பூட்டுவது? சிலர் ஜாவாஸ்கிரிப்டில், சொல் ஒத்தால் காட்டு, ஒவ்வாவிட்டால் மறை என்று இரண்டு வரி எழுதி நிம்மதியடைகிறார்கள். பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்தால் கடவுச்சொல்லும் அங்கே இருக்கும், மறைத்த செய்தியும் அங்கேயே இருக்கும். கதவில்லாத வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு வாங்கிய கதைதான்!

முறையான வழி, பக்கத்தையே மறையாக்கம் செய்து ஏற்றுவது. ஸ்டாட்டிக்ரிப்ட் என்னும் இலவசக் கருவி இதைச் செய்கிறது. கடவுச்சொல்லோடு 'உப்பு' எனப்படும் தற்செயல் எண்ணைச் சேர்த்து, 6 லட்சம் முறை அரைத்து ஒரு சாவி செய்யும். அச்சாவியால், 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற ஏ.இ.எஸ். முறைப்படி பக்கம் முழுவதும் மறைக்கப்படும். படிப்பவர் கடவுச்சொல்லைத் தட்டினால் அவருடைய பிரவுசரே திறந்துகொள்ளும். சொல் வேறெங்கும் போவதில்லை. ஏ.இ.எஸ். பூட்டை நேராக உடைக்க நடைமுறைக்கு ஒத்த வழி இன்றுவரை காணப்படவில்லை. கணிதம் படிப்பவனுக்கு இது பெருமைதான்.

ஆனால் பூட்டு நல்லது என்பதற்காக எதையும் உள்ளே வைக்கலாம் என்போரோடு நான் உடன்படவில்லை. பெட்டியைத் தூக்கிப் போனவன் தன் வீட்டில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் சாவி போட்டுப் பார்க்கலாம். போதும் நிறுத்து என்று சொல்ல ஆளில்லை. ஆறு இலக்க எண் என்றால் மொத்தம் 10 லட்சம். நொடிக்கு 1000 வீதம் முயன்றால் 17 நிமிடம். பிறந்த தேதி என்றாலோ, நூறாண்டுக்கும் சேர்த்து 36,525 நாட்கள்தாம். ஒரு நிமிடம்கூட ஆகாது. இ-ஆதார் கோப்பைப் பாருங்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டுமே கடவுச்சொல். பெயர் தெரிந்த ஊர்க்காரருக்கு நூறு தடவை போதும். அது நம் கைக்கு மட்டும் வரும் கோப்பு, பொறுக்கலாம். உலகமே இறக்கிக்கொள்ளும் பக்கத்துக்கும் அதே பழக்கமா?

என்னைப்போல் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் எத்தனை தாள் கொடுக்கிறோம்! வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வங்கிப் புத்தக நகல். என் தந்தையார் கையெழுத்துப் போட மட்டும் அறிந்தவர். கேட்டவர்க்கெல்லாம் ஆதார் நகலை நீட்டிவிடுவார். அவருக்கும் சேர்த்து நான்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய விவரங்களைப் பட்டியலாக்கி, "பூட்டித்தானே வைக்கிறோம்" என்று ஏற்றினால், அறுபது பேருக்குத் தெரிந்த ஒரே சொல் அதற்குக் காவல். அது வெளியே கசிந்தபின் சொல்லை மாற்றியும் பயனில்லை. முன்பே இறக்கிய பிரதி பழைய சாவிக்குத் திறக்கும்.

பாடக்குறிப்பு, சுற்றுலாப் படம், நாடக ஒத்திகை ஆகியவற்றைத் தாராளமாக வையுங்கள். பிறருடைய வங்கி எண்ணும் சாதியும் அலுவலக அலமாரியிலேயே இருக்கட்டும். கடவுச்சொல்லுக்கு, 8000 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து நான்கைக் குலுக்கி எடுங்கள். முன் சொன்ன வேகத்தில் எல்லாவற்றையும் முயன்று முடிக்க லட்சம் ஆண்டுக்கு மேலாகும். குலுக்கித்தான் எடுக்க வேண்டும். நாமாக யோசித்தால் நான்கில் ஒன்று நடிகர் பெயராக வந்து நிற்கும்.