பழவேற்காட்டுக் கரையைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்

பழவேற்காடு மீனவர்களுக்குச் சட்டம் துணை நிற்கவில்லை என்று சொல்ல முடியாது. கிராம சுயராஜ்ய இயக்கத்தின் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கத் தடை விதித்தது. வயல், உப்பளம், அலையாத்திக் காடு ஆகியவற்றுடன் கிராமப் பொதுப் பயன்பாட்டு நிலத்தையும் பண்ணையாக மாற்றக் கூடாது என்றது. 2011 ஜனவரியில், பஞ்சாப் மாநிலத்தின் ஒரு கிராமக் குளத்தைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனால் இடையில் 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், கடற்கரை ஒழுங்குமுறைத் தடையிலிருந்து இறால் பண்ணைகளுக்கு 1991 முதலே விலக்கு தந்துவிட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்ட கதைதான்.

தீர்ப்புகளைவிட அடிப்படையான சிக்கல் வருவாய்ப் பதிவேட்டில் இருக்கிறது. வலை காயப்போடும் மணல், கருவாடு உலர்த்தும் களம், படகு ஏற்றும் கரை எல்லாமே அங்கே வெறும் புறம்போக்கு. யார், எதற்காக, எத்தனை தலைமுறையாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. அதனால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் போனால், வழக்கு அரசுக்கும் ஆக்கிரமித்தவருக்கும் இடையிலானது. ஊர் வெறும் மனுதாரர். அரசே நிலத்தைக் கொடுக்க முன்வந்தால் மனுவுக்கும் வலுவில்லை. 330 ஏக்கர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்கும் அதானி குழுமத்தின் திட்டத்தில் அரசு நிலம் மட்டுமே சுமார் 760 ஹெக்டேர். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடைபெறவில்லை என்பது ஆறுதல், உரிமை ஆகாது.

இந்த இடங்களைப் பதிவேட்டில் ஏற்றப் புதிய சட்டம் தேவையில்லை. மீனவ ஊர்களையும் அவற்றின் பொதுச் சொத்துகளையும் மீன் உலர்த்தும் இடங்களையும் புல எண் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே சொன்னது. ஆனால் 2023இல் வந்த தமிழக வரைவு வரைபடங்களில் பல ஊர்களும் பொது இடங்களும் விடுபட்டிருப்பதாக மீனவர் அமைப்புகள் முறையிட்டன. வரைபடத்தில் இல்லாத களத்தை நீதிமன்றத்தில் காட்டுவது எப்படி?

மீனவர்களும் பட்டா இல்லாமல் புறம்போக்கில்தானே குடியிருக்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். நிலமற்றவர்களின் குடியிருப்பையும் வணிக ஆக்கிரமிப்பையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அரசு ஆணைப்படி நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தந்த நிலத்துக்கு ஜக்பால் சிங் தீர்ப்பிலேயே விதிவிலக்கு உண்டு. இறால் ஏற்றுமதியால் வரும் அந்நியச் செலாவணியைக் காட்டுவோரும் உண்டு. வருமானம் பண்ணைக்காரருக்கு, உப்பேறிய கிணறு ஊருக்கு என்ற கணக்கை அவர்கள் போடுவதில்லை. கனமான கேள்வி வேறு. ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் பாடு முறை சில ஊர்களுக்கும் ஒரே சமூகத்துக்கும் உரியதாக இருந்து வந்தது; கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் அதற்கு வெளியே. ஊர்ப் பஞ்சாயத்து சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டால் அந்த விலக்கலும் அரசு முத்திரை பெற்றுவிடும். ஆகவே கணக்கெடுப்பு கிராம சபையில், இருளர் குடும்பங்களின் பயன்பாட்டையும் சேர்த்தே நடக்க வேண்டும்.

துறைமுக விரிவாக்கத்துக்கான அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதி குறிக்கும் முன், திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் இந்த வரைபடத்தை முடித்து ஊர்தோறும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.