இ-வே பில் சைட் அன்னைக்கு ஏன் படுத்தது? நெட்டில் டிராஃபிக் ஜாம் ஆவது எப்படி?

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு 2018 பிப்ரவரி 1 சட்டென மறக்காது. ரூ.50,000-க்கு மேல் மதிப்புள்ள சரக்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போக இ-வே பில் கட்டாயம் என அறிவிக்கப்பட்ட முதல் நாள் அது. நாடு முழுக்க ஒரே நேரத்தில் எல்லோரும் நுழைய, சைட் திணறி நின்றது. அன்றைக்கே திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. பில் இல்லாமல் வண்டியை எடுத்தால் வழியில் மடக்கி அபராதம் போடலாம் என்பதால், லோடு ஏற்றிய லாரிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அன்று அடைத்துக்கொண்டது ரோடு அல்ல, டோல்கேட். அதாவது சர்வர். ஆனால் ரோடும் அடைக்கும்.

லைட் அடிக்கும் லாரிக்காரர்

1990-களில் வங்கி, கம்பெனி கிளைகளை இணைக்கப் பரவலாகப் பயன்பட்ட தொழில்நுட்பம் ஃபிரேம் ரிலே. இதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 'இவ்வளவு வேகம் உறுதி' என ஓர் அளவு உண்டு. ரோடு காலியாக இருந்தால் அதைத் தாண்டியும் டேட்டா அனுப்பலாம். ஆனால் கூடுதலாகப் போகும் பொட்டலத்தில் ஓர் அடையாளம் விழும். நெரிசல் வந்தால் முதலில் தூக்கி எறியப்படுவது அதுதான்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. சேலம்-நாமக்கல் ரோட்டில் எதிரே வரும் லாரிக்காரர் லைட் அடித்து 'முன்னாடி ஜாம்' என்று சொல்வார் இல்லையா? அதே கதைதான். எதிர்த்திசையில் திரும்பி வரும் பொட்டலத்தில் ஒரு பிட் மாறியிருக்கும். அதைப் பார்த்து, அனுப்புபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால்? அங்கேதான் சிக்கல்.

ரீஃபிரெஷ் அடித்தால் சரியாகுமா?

ஆகாது, இன்னும் மோசமாகும். 1986-ல் அமெரிக்காவின் பெர்க்லியில், அரை கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் இருந்த இரு இடங்களுக்கு இடையே இணைய வேகம் வினாடிக்கு 32,000 பிட்டில் இருந்து வெறும் 40 பிட்டாகச் சரிந்தது. தொலைந்த டேட்டாவைக் கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்பியதில் நெரிசல் மேலும் இறுகியது. வான் ஜேக்கப்சன் 1988-ல் வெளியிட்ட தீர்வு எளிமையானது: கொஞ்சமாக ஆரம்பி, வழி இருந்தால் கூட்டு, டேட்டா தொலைந்தால் உடனே குறை. உங்கள் போனில் இன்றும் ஓடுவது அந்த யோசனையின் வாரிசுகள்தான்.

இ-வே பில்லிலும் கடைசியில் நடந்தது கிட்டத்தட்ட அதுவே. ஏப்ரல் 1-ல் மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு மட்டும் மீண்டும் தொடங்கினார்கள். மாநிலத்துக்குள் ஓடும் சரக்குக்கு ஏப்ரல் 15-ல் ஐந்து மாநிலங்கள், பிறகு ஒவ்வொன்றாக. தமிழ்நாட்டின் முறை ஜூன் 2-ல் வந்தது. எஸ்எம்எஸ் மூலம் பில் எடுக்கும் வசதியும் உண்டு. நெட் சுற்றிக்கொண்டே இருக்கும் இடத்தில் அதுதான் பைபாஸ் ரோடு.

நஷ்டஈடு கிடைக்குமா?

2024 அக்டோபர் 1 முதல் அமலில் உள்ள டிராய் விதிப்படி, ஒரு மாவட்டத்தில் மொபைல் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகையில் கழிவு, பிரீபெய்டுக்குக் கூடுதல் வேலிடிட்டி. டவர் இருந்தும் நெட் ஸ்லோவாக ஊர்ந்தால் அந்தக் கழிவு கிடையாது.