பழைய கார்ட்டூனில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு சர்க்கஸ் கூடாரம். கணவனும் மனைவியும் உயரத்தில் ஊஞ்சலாடி வித்தை காட்டுகிறார்கள். மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த கணம் அறுந்துபோன கயிறு மட்டும் ஆடியபடி திரைக்குள் வருகிறது. அவர்கள் கீழே விழுவதைக் காட்டவில்லை. ஒரு துளி ரத்தமும் இல்லை. ஆனாலும் நமக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது.

1992ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடரில், ராபின் பெற்றோரை இழக்கும் காட்சி இது. சிறுவர்களுக்கான தொடர் என்பதால் வன்முறையைக் காட்டுவதற்குப் பல கட்டுப்பாடுகள் இருந்தன. அவற்றுக்குள் நின்று யோசித்தவர்களுக்குக் கிடைத்த விடைதான் அந்தக் கயிறு.

மாணவர்கள் பலர் இத்தகைய பழைய தொடர்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள். “இந்த வயதில் கார்ட்டூனா? அதுவும் இவ்வளவு பழசா?” என்ற கேலியும் கூடவே வருகிறது. கேலி செய்வதற்கு முன் அத்தொடர்கள் எப்படி உருவாயின என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

பேட்மேன் தொடரின் பின்னணிகள் கறுப்புத் தாளில் வெளிர் நிறங்களால் தீட்டப்பட்டவை. கதாபாத்திரங்களின் உருவத்தில் கோடுகள் மிகக் குறைவு. இன்றைய கணினி வரைகலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சில அசைவுகள் தட்டையாகத் தெரியும். ஆனால் கோத்தம் நகரின் இருட்டு இன்றும் அச்சமூட்டுகிறது.

கதையிலும் அதே கவனம் உண்டு. மிஸ்டர் ஃப்ரீஸ் அதற்கு முன்பு பனித் துப்பாக்கி ஏந்திய சாதாரண வில்லன். இத்தொடரின் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ அத்தியாயம் அவனை, நோயுற்ற மனைவியைக் காப்பாற்றப் போராடி, முதலாளியின் பேராசையால் எல்லாவற்றையும் இழந்த விஞ்ஞானியாக்கியது. சுமார் 22 நிமிடங்களில் ஒரு வில்லனுக்காக நம்மை வருந்த வைக்கிறார்கள். அதை எழுதிய பால் டினிக்கு எம்மி விருது கிடைத்தது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு நாயகன் உண்டு. 1990களின் இறுதியில் ஆர்டிஎம் ஒளிபரப்பிய ‘கெலுவாங் மேன்’, பேட்மேனைக் கிண்டலாகத் தழுவிய மலேசியத் தொடர். நாயகன் போர்ஹான் ஒரு மனநல மருத்துவமனை நோயாளி. இரவில் வௌவால் உடையணிந்து குற்றவாளிகளைப் பிடிக்கிறான். அவனை வைத்து 2025இல் திரைப்படமே வந்தது. ஆனால் அன்று சிரித்த இடத்தில் இன்று கொஞ்சம் நின்று யோசிக்கிறோம். மனநோயை நகைச்சுவையாக்குவது சரியா? இந்தக் கேள்வி எழுவதும் பழைய தொடரைப் பார்ப்பதால் கிடைக்கும் பயன்தான். இடைப்பட்ட காலத்தில் நம் பார்வை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது.

பழையது என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. 1983இல் வந்த ‘ஹீ-மேன்’, மேட்டல் நிறுவனத்தின் பொம்மைகளை அடிப்படையாகக் கொண்டு உருவான தொடர். செலவைக் குறைக்க ஒரே அசைவுக் காட்சிகளை அதில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அந்தக் காலமே பொற்காலம் என்று பெருமூச்சு விடுவதற்காக இவற்றைப் பார்க்க வேண்டியதில்லை.

பிறகு எதற்காகப் பார்ப்பது? பள்ளியில் குறும்படம் எடுக்கச் சொன்னால், நம்மில் பலர் முதலில் சொல்வது, “நல்ல கேமரா இல்லை, மென்பொருள் இல்லை” என்பதுதான். கட்டுரைப் போட்டி என்றால், “350 சொற்களில் என்ன எழுத முடியும்?” என்கிறோம். கறுப்புத் தாளும் ஒரு கயிறும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதை இந்தத் தொடர்கள் நமக்குக் காட்டுகின்றன.

அடுத்த விடுமுறையில் ஓர் அத்தியாயம் பாருங்கள். வேகத்தைக் கூட்டாமல், கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். முடிந்ததும், எதைக் காட்டினார்கள், எதைக் காட்டாமல் விட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் அடுத்த படைப்புக்கு அந்தத் தாள் உதவும்.