ஏட்டில் உறங்கலாமா உரிமை?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலை, படப்பை நிறுத்தம். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியில், விடைத்தாள் கட்டை அணைத்தபடி மாலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் இளம் பேராசிரியைக்குப் பெண்ணுரிமை மேடைப்பேச்சு அல்ல, அன்றாடத் தேவை.

முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்புக்கு யுஜிசி விதி இடம் தருகிறது. 10 பேர் பணிபுரியும் இடத்திலும் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். 50 பேர் இருந்தால் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம்.

இந்த உரிமைகள் ஏட்டோடு நின்றுவிடக் கூடாது. உள்ளகக் குழு உறுப்பினர்களின் பெயர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் ஆலையிலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். நிறுத்தங்களில் விளக்கு எரிய வேண்டும். ஆசிரியை அச்சமின்றி வீடு திரும்பும் சாலையில்தான், இரவுப் பணி முடித்த ஒரகடம் ஆலைத் தொழிலாளியும் நிமிர்ந்து நடப்பார்.