டச்பேடில் ஒரு திரை, சாவி யாரிடம்?

மடிக்கணினியில் டச்பேட் எதற்கு இருக்கிறது? சுட்டியை நகர்த்த, சொடுக்க. அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, 2018 ஜூனில் தைபெயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் அசுஸ் நிறுவனம் அந்த இடத்தில் ஒரு திரையையே பொருத்திக் காட்டியது. ஜென்புக் ப்ரோ 15 என்ற மாடல். விரல் தடவும் இடத்தில் 5.5 அங்குலத் திரை. பெயர் ஸ்கிரீன்பேட். கால்குலேட்டர், பாட்டு, எண் பலகை எல்லாம் அங்கேயே தெரியும். அடுத்த ஆண்டே ஸ்கிரீன்பேட் 2.0 வந்துவிட்டது. 5.65 அங்குலம், 2160க்கு 1080 புள்ளிகள்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் விண்டோஸில், அந்த நிறுவனமே தரும் மென்பொருள் இருக்கும்வரை. அதே கணினியில் லினக்ஸைப் போட்டால்?

முதலில் ஒரு நல்ல செய்தி. 2.0 வகை ஸ்கிரீன்பேடை லினக்ஸ் இன்னொரு மானிட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால் பெரிய பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்டி தெரியும். அதை இழுத்துப் பெரிய திரைக்குக் கீழே வைத்துவிட்டால் ஒரு ஜன்னலை அங்கே தள்ளிவிடலாம். படம் காட்டுவதில் பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். அந்தக் குட்டித் திரையின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், வேண்டாதபோது அணைக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கணினியில் இது ஆடம்பரம் இல்லை, அடிப்படை. படம் வராமல் செய்வது சுலபம். பின்னால் எரியும் விளக்கை அணைப்பது வேறு வேலை. அந்த விளக்கின் கட்டுப்பாடு கணினியின் ஃபர்ம்வேருக்குள் இருக்கிறது. டபிள்யூஎம்ஐ என்ற வழியாக அதனிடம் சரியான எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் அது அசையும்.

அந்த எண்கள் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு. பதினாறின் அடிமானத்தில் எழுதினால் 50031 மற்றும் 50032. முதலாவது திரையை எரிய வைக்கவும் அணைக்கவும். இரண்டாவது வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும். இவ்வளவுதான் ரகசியம்!

இந்த இரண்டு எண்களும் பெட்டியோடு வரும் கையேட்டில் இருக்காது. லினக்ஸ் ஆர்வலர்கள் தாங்களே ஒரு டிரைவர் எழுதி இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். அது கர்னலுக்கு வெளியே இருந்த டிரைவர். கர்னலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்து மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். கர்னலுக்குள் ஏதாவது மாறியிருந்தால் டிரைவர் உடையும். எழுதியவர் வேலை வெட்டிக்கு நடுவே அதைச் சரிசெய்யும்வரை காத்திருக்க வேண்டும்.

2024 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.7 கர்னலில்தான் ஸ்கிரீன்பேட் ஆதரவு முறையாக உள்ளே சேர்ந்தது. 6.8 கர்னலோடு வந்த உபுண்டு 24.04 போட்டவர்களுக்குத் தனியாக எதையும் கம்பைல் செய்யும் வேலை இல்லை. சந்தோஷம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018ல் விற்பனைக்கு வந்த வசதி. இரண்டு எண்கள். கர்னலுக்குள் வர ஐந்து ஆண்டுகளுக்கு மேல்.

இங்கேதான் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. பில்லில் அந்தத் திரைக்கும் சேர்த்துத்தானே விலை போட்டார்கள்? விலை கொடுத்து வாங்கிய பொருளின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வாங்கியவருக்குச் சொல்லாமல் விடுவது என்ன நியாயம்? வீட்டைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டு, ஒரு அறையின் சாவியை மட்டும் பழைய உரிமையாளர் இடுப்பில் செருகிக்கொண்டு போவதைப் போலத்தான் இது.

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்குத் தேய்மானம் தெரியும். ஒரு சொத்து எத்தனை ஆண்டு உழைக்கும் என்று பார்த்து மதிப்பைக் குறைத்துக்கொண்டே வருவோம். இந்த மாதிரித் திரைகளில் தேய்வது கண்ணாடியோ விளக்கோ அல்ல, நிறுவனத்தின் ஆர்வம். 2011ல் ரேசர் அறிவித்த பிளேடு மடிக்கணினியிலும் டச்பேடே திரைதான். விலை ஏறக்குறைய 2,800 டாலர். சில ஆண்டுகளில் புதிய மாடல்களில் அந்த அமைப்பைக் காணோம். ஆப்பிள் 2016ல் கீபோர்டின் மேல் வரிசையை எடுத்துவிட்டு டச் பார் என்ற நீளத் திரையை வைத்தது. 2021ல் வந்த பெரிய மேக்புக் ப்ரோக்களில் அது இல்லை. 2023ல் கடைசி மாடலும் விற்பனையிலிருந்து போய்விட்டது. இன்டெல் காலத்து டி2 சில்லு உள்ள மேக்புக்குகளில் டச் பாரை இயக்கும் டிரைவர்கள் லினக்ஸ் கர்னலுக்குள் வந்ததோ 2025ல். செய்தவர்கள் கைவிட்ட பிறகு யாரோ உட்கார்ந்து உயிர் கொடுத்திருக்கிறார்கள்.

நிறுவனங்கள் சொல்லும் பதிலும் தெரிந்ததுதான். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் பேர், அவர்களுக்காக ஆள் வைத்து டிரைவர் எழுதினால் கட்டுப்படியாகாது. சரி, ஒப்புக்கொள்வோம். வியாபாரம் செய்பவர் லாபம் பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் யாரும் டிரைவர் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவில்லையே? எழுதத்தான் ஆட்கள் சம்பளம் வாங்காமல் காத்திருக்கிறார்களே! எந்த எண்ணுக்கு எது அசையும் என்று ஒரு பக்கத்தில் எழுதிப் போட்டால் போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு ஊழியரின் அரை நாள் உழைப்பு இருக்குமா? ஒரு திரையை அணைக்கும் எண்ணில் போட்டிக் கம்பெனி திருடிக்கொண்டு போக என்ன தொழில் ரகசியம் இருக்கிறது?

ஆகவே, இரண்டாவது திரை உள்ள மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள், குறிப்பாகப் பழையது வாங்குபவர்கள், கடையில் அது பளபளப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தத் திரையின் ஆதரவு கர்னலுக்குள்ளேயே இருக்கிறதா, வெளியில் ஒருவர் பராமரிக்கும் டிரைவரை நம்பி இருக்கிறதா, விண்டோஸ் மென்பொருள் ஒன்றை மட்டுமே நம்பி இருக்கிறதா என்று மாடல் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். கடைசி வகை என்றால் திரைக்கு விலை கொடுக்காதீர்கள். பேரம் பேசும்போது அதை வெறும் டச்பேடாகவே கணக்கில் வையுங்கள். விற்பவர்களுக்கு விலையில் சொன்னால்தான் புரியும்.